காது ஓரிடம், கை ஓரிடம்

கை இரண்டும் ஓய்வாக இருக்கும் என்பதுதான் அந்தச் சாமானின் பெருமை. தலையில் ஒரு வளையம், ஒரு காதை மூடும் பஞ்சு, வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மைக், இடுப்பு வாரில் கொளுவுகிற சின்னப் பெட்டி. சுவரோடு கட்டிப்போடும் வயர் கிடையாது. வெளியே காரில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே கடைக்குள் எங்கும் நடக்கலாம். சும்மா இருக்கும் கையைக் கண்டால் ஒரு முதலாளிக்கு என்ன தோன்றும் என்பதை இதைக் கண்டுபிடித்தவர்கள் யோசிக்கவில்லை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் வந்திறங்கிய எங்கள் ஆட்கள் பலருக்குக் கனடாவின் வாசல்படி ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கதவுதான். நான் போனது, காரில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு போகும் 'டிரைவ் த்ரூ' வைத்த ஒரு பர்கர் கடை. பெயர் வேண்டாம். அங்கே சாதி உண்டு. அடியில் பாத்திரம் கழுவுகிறவர்கள், அதற்கு மேலே உருளைக்கிழங்கு பொரிக்கிறவர்கள், அதற்கும் மேலே இறைச்சி வாட்டுகிறவர்கள். உச்சியில் ஹெட்செட் போட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் இங்கிலீசுக்குப் பரிசு வாங்கியவன் என்பதை மனேஜரிடம் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். "உன்னுடைய இங்கிலீசு திறம்தான். ஆனால் வெளியே இருக்கும் பேச்சுப் பெட்டிக்குள்ளால் போனால் ஒருவருக்கும் விளங்காது" என்றார். நேர்மையான மனுசன். சேக்ஸ்பியர் படித்தவனை வெங்காயம் வெட்ட விட்டார்.

ஒரு தைமாதத்துப் பனிப்புயல் என்னை உயர்த்தியது. உச்சிச் சாதிக்காரர் இருவராலும் வீட்டை விட்டு வெளிக்கிட முடியவில்லை. பஸ்ஸில் வந்தவன் நான்தான்.

கற்றுத்தந்தவர் இரவு வேலை மேற்பார்வைக்கு இருந்த ஒரு பிலிப்பீன்ஸ் அக்கா. மனிலாவில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். எனக்கு இரண்டே பொத்தான்களைப் படிப்பித்தார். 'ஏ' வெளியே, 'பி' உள்ளே. ஏ-யை அழுத்திக் கதைத்தால் காரில் இருப்பவருக்குக் கேட்கும். பி-யை அழுத்தினால் கடைக்குள் ஹெட்செட் போட்டவர்களுக்கு மட்டும். இதைவிட எளிய பாடம் கிடையாது. ஆனாலும் மனேஜர் ஒருநாள் பின்நேரம், ஆறு பேருக்கான சாப்பாட்டை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் பற்றித் தன் முழு அபிப்பிராயத்தையும் ஏ-யில் சொல்லிவிட்டார். அந்த அம்மா காரை நிறுத்திவிட்டு உள்ளே நடந்து வந்தார். ஆட்களைக் காரை விட்டு இறங்கவிடாமல் விற்பதற்கென்றே கட்டிய கடையில், நடந்து வந்து நின்ற ஒரே வாடிக்கையாளர்.

அக்காவின் உண்மையான மதம் பற்றரி. அலுவலக அறைச் சுவரில் சார்ஜர் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் தொடாதே, பச்சை எரிந்தால் எடு. எடுத்த இடத்தில் செத்த பற்றரியை உடனே வை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதே. இரவு கதவு பூட்டுகிறவர் விளக்கணைக்க முதல் எல்லாப் பற்றரியும் சார்ஜரில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் காலைக்காரர்கள் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தித்தான் கோப்பி விற்கவேண்டும். அது நிக்கல் காட்மியம் காலம். முழுக்க இறங்கவிடாமல் திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால் பற்றரி சோம்பேறியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் மார்க்கரால் இலக்கம் போட்டு, எது எப்போது வேலைக்குப் போனது, எப்போது திரும்பியது என்று மனேஜர் ஒரு தாளில் எழுதிவைத்தார். எங்களுக்கும் ஒரு தாள் இருந்தது. அதில் அவ்வளவு அக்கறை இல்லை.

ஒன்ராறியோச் சட்டப்படி ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை கொடுக்கவேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கவேண்டிய கட்டாயமில்லை. பற்றரிக்குச் சட்டம் எதுவும் கிடையாது. இருந்தும் அதற்குத்தான் மரியாதை. பச்சை வரமுதல் பற்றரியைக் கழற்றிய பெடியனை மனேஜர் ஏசியதைக் கண்டிருக்கிறேன். பாதிச் சாப்பாட்டில் எங்களை எழுப்பிக்கொண்டு போனவரும் அவரேதான்.

கை விஷயத்துக்கு வருகிறேன். வயர் இல்லாததால் ஓர்டர் எடுக்கிறவர் ஓரிடத்தில் நிற்கத் தேவையில்லை. நிற்கத் தேவையில்லாதவர் நடக்கலாம். நடக்கிறவர் கோப்பி ஊற்றலாம். கோப்பி ஊற்றுகிறவர் யன்னலைத் திறந்து காசும் வாங்கலாம். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு மாதத்துக்குள் என் காது வெளியே உணவுப் பட்டியல் பலகைக்கு முன்னால் நிற்கும் காரிலும், கை யன்னலடியில் நிற்கும் காரிலும் இருந்தன. காதில் இருப்பவரிடம் "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்பேன். யன்னலில் இருப்பவர், "வேறொன்றும் வேண்டாம், என் மிச்சக் காசைத் தா" என்பார். அவரைப் பார்த்துச் சிரித்தபடி மற்றவருக்கு மன்னிப்புச் சொல்லவேண்டும். மறுகாதில் பொரியல் மெஷின் கீச்சிடும். தலைக்கு மேலே ஒரு மணிகாட்டி, ஒவ்வொரு காரும் எத்தனை விநாடி நின்றது என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

வயர் இருந்த காலத்து ஆட்களை நினைத்தால் எனக்குப் பொறாமை. 1948-இல் கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் ஹரி ஸ்னைடர் 'இன்-என்-அவுட்' கடையைத் திறந்து, இருவழிப் பேச்சுப் பெட்டி ஒன்றை வெளியே வைத்தார். 1951-இல் சான் டியேகோவில் 'ஜாக் இன் த பாக்ஸ்' அந்தப் பெட்டியின் மேல் ஒரு கோமாளித் தலையை ஏற்றியது. சனங்கள் கோமாளியிடம் பர்கர் கேட்டார்கள். மக்டொனால்ட்ஸ் மிகவும் பிந்தித்தான் வந்தது. 1975-இல் அரிசோனாவின் சியரா விஸ்டாவில் அது தன் முதல் டிரைவ் த்ரூவைத் திறந்ததற்குக் காரணம், பக்கத்து இராணுவ முகாம் சிப்பாய்கள் களச் சீருடையோடு வெளியில் காரை விட்டு இறங்கக்கூடாது என்ற விதி. இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் உள்ளே ஒரு முனை இருந்தது, அந்த முனையில் ஓர் ஆள் நின்றார். அவர் பாட்டுக்கு நின்று கதைத்தார். 1980-களில் அதே சான் டியேகோவின் எச்.எம். எலெக்ட்ரோனிக்ஸ் போன்ற கொம்பனிகள் வயரை அறுத்துவிட்டன. விடுதலை கிடைத்தது. யாருக்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்து வானொலி அலைக்குப் பூட்டும் இல்லை. பின்னாளில் கணினித் திருட்டால் உலகப் புகழ் பெற்ற கெவின் மிட்னிக், பதின்வயதில் தன் வானொலிக் கருவியால் டிரைவ் த்ரூ பெட்டிக்குள் நுழைந்து, ஓர்டர் கொடுக்க வந்தவர்களோடு பகிடி விட்டதைத் தானே சொல்லியிருக்கிறார். எங்கள் கடைக்கு அப்படி யாரும் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. எனக்குப் பொழுதுபோக்கு வேறு வழியில் வந்தது.

பலகைக்கு முன்னால் தார் ரோட்டுக்கு அடியில் ஒரு வயர் வளையம் புதைத்திருக்கும். காரின் இரும்பு அதன்மேல் வந்து நின்றதும் காதில் 'டிங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு வெளி மைக் திறந்துவிடும். நான் "வணக்கம், என்ன வேண்டும்?" என்று இங்கிலீசில் தொடங்க முதலே காருக்குள் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். இது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் தெரியாது. ஸ்காபரோவில் சீட்டுக் காசோடு மாறியவரின் பெயர், எந்தக் கல்யாணம் சீதனத்தில் குழம்பியது, யாருடைய மாமியார் விசா கிடைத்தும் வரமாட்டேன் என்கிறார், எல்லாம் ஊருக்குத் தெரியவர முதல் எனக்குத் தெரியும்.

ஒருநாள் ஒரு வானில் முழுக் குடும்பம். "பெரிய கோப்பி, டபிள் டபிள்" என்று தகப்பன் எனக்குச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "உள்ளுக்க நிக்கிறவன் ஆரெண்டு தெரியேல்லை, இங்கிலீசு ஒரு மாதிரிக் கிடக்கு. நீ கதை" என்றார். அவர் மனைவி, "நீங்கள் கதைக்கிறதுதான் அவனுக்கு விளங்கேல்லை. பேசாமல் இருங்கோ" என்றார். பிறகு மாட்டிறைச்சியா கோழியா என்று ஒரு சண்டை, அதிலிருந்து தகப்பனின் தமக்கையைப் பற்றி ஒரு சண்டை. நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தமக்கை பக்கம்தான் பிழை. வான் யன்னலடிக்கு வந்து என் முகத்தைக் கண்டதும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி தமிழோ?"

"ஓம் அண்ணை."

"ஊரில எவ்விடம்?"

சொன்னேன். தமக்கை கலியாணம் கட்டிய ஊர். கோப்பியை வாங்கிக்கொண்டு மிச்சக் காசை வாங்காமலே போய்விட்டார்கள்.

இப்போது என் பெறாமகள் பல்கலைக்கழகம் போய்க்கொண்டே சனி ஞாயிறுகளில் ஒரு டிரைவ் த்ரூவில் நிற்கிறாள். இடுப்புப் பெட்டி இல்லை, எல்லாம் தலையோடு ஒட்டிய ஒரே துண்டு. லித்தியம் பற்றரி, இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடுமாம், ஒரு நாளின் பெரும்பகுதிக்குத் தாங்குமாம். சிவப்பு, பச்சை விளக்குகள் மாறவில்லை. கழன்று விழும் பற்றரியை ஒட்டும் நாடாவால் கட்டிவைக்கும் வழக்கமும், செத்த பற்றரியைச் சட்டைப்பையில் கொண்டுபோகிறவர்களும் மாறவில்லை. புதிதாக ஒன்று உண்டு. பற்றரி இறங்கினால் காதுக்குள்ளேயே ஒரு குரல் மாற்றச் சொல்லி அறிவிக்கிறது.

"நல்ல வசதிதானே பிள்ளை" என்றேன்.

"பெரியப்பா, அது களைச்சா அது சொல்லும். நான் களைச்சா நான்தான் சொல்லவேணும். அதையும் பி-யில சொல்லவேணும்" என்றாள்.

பொத்தான்களின் பெயரும் மாறவில்லை என்று தெரிந்து சந்தோசப்பட்டேன்.

அவளுடைய இங்கிலீசில் ஒரு குறையும் இல்லை, இங்கேயே பிறந்தவள். ஆனால் இப்போது பேச்சே வேண்டாம் என்கிறார்கள். ஓர்டர் எடுக்க மெஷின் வருகிறது. மக்டொனால்ட்ஸ், ஐ.பி.எம்மோடு சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கடைகளில் அதைப் பரீட்சித்து 2024-இல் நிறுத்தியது. ஐஸ்கிறீமின்மேல் பன்றி இறைச்சி வைத்த ஓர்டர்கள் ஊர் சிரித்த பிறகு. டாக்கோ பெல் ஐந்நூறுக்கு மேற்பட்ட கடைகளில் வைத்தது. 2025-இல் ஒருவர் 18,000 கோப்பை தண்ணீர் கேட்ட காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. இப்படி மெஷின் நிற்கும் கடைகளிலும் உள்ளே இருப்பவர்கள் ஹெட்செட்டைக் கழற்றுவதில்லை. மெஷின் பிழைவிட்டால் பாய்ந்து பிடிக்க ஆள் வேண்டுமே. முன்பு காரில் இருப்பவருக்கு மட்டும் காது கொடுத்தோம். இவர்கள் மெஷினுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதே சம்பளத்தில்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரெஸ்டோ என்ற அமெரிக்கக் கொம்பனியின் கதை. டிரைவ் த்ரூக்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் குரல் விற்றார்கள். பங்குச் சந்தை அதிகாரிகளுக்குக் கொடுத்த பத்திரங்களில் இருந்து 2023-இல் ஒரு விஷயம் வெளிவந்தது: பத்தில் ஏழுக்கு மேற்பட்ட ஓர்டர்களில், பிலிப்பீன்ஸ் போன்ற இடங்களில் இருந்து மனிதர்கள் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏ, பி சொல்லித்தந்த அக்காவை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மனேஜர் ஹெட்செட்டைக் கழற்றச் சொல்வார். கூட்ட நேரத்தில் அவருடைய உச்சரிப்பு வேகத்தைக் குறைக்குமாம். அவருடைய ஊர்க்காரர்கள் மெஷின் என்ற பெயரில் வந்தபோதுதான் அமெரிக்கா வாயைத் திறக்காமல் கேட்டது.

தூரமும் புதிதல்ல. 2006-லேயே கலிபோர்னியாவின் சாண்டா மரியாவில் ஓர் அறைக்குள் இருந்த பிள்ளைகள், கடலுக்கு அப்பால் ஹொனொலூலுவில் மக்டொனால்ட்ஸ் பலகைக்கு முன்னால் நின்ற கார்களின் ஓர்டரை எடுத்தார்கள். அங்கே மழையா வெயிலா என்று அவர்களுக்குத் தெரியாது. காதைப் பிரித்து ஒரு தீவிலும் கையைப் பிரித்து இன்னொரு கரையிலும் வைத்தாகிவிட்டது. எங்களுக்கு இரண்டும் ஒரே கடைக்குள் இருந்தனவே என்று இப்போது ஆறுதல்படவேண்டியிருக்கிறது.

கடைசியாக, டிரைவ் த்ரூவுக்குப் போகும் எங்கள் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்பக் கதையைப் பெரிய ரோட்டிலேயே முடித்துவிட்டு உள்ளே திருப்புங்கள். பலகையடியில் ரேடியோவைக் குறையுங்கள், ஓர்டரை ஒருவரே சொல்லுங்கள். என் காலத்தில் உங்களைக் கேட்டது ஒன்றிரண்டு காதுதான். இப்போது கடைக்குள் அனேகமாக எல்லோருக்கும் ஹெட்செட் உண்டு. ஸ்காபரோக் கடையென்றால் அதில் ஒரு காதாவது தமிழ்க் காதாகத்தான் இருக்கும்.