கேத்தல் ஒன்று வைக்க அனுமதி கோரும் விண்ணப்பம்

கட்டட அனுமதி வழங்கும் மகா கனம் பொருந்திய சபையோர் சமுகத்துக்கு,

இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காண வரும் யாத்திரிகர்கள், 109 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரைப் பார்த்துக் களித்தபின், குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு வீதியோரத்தில் நிற்பதைப் பல வருஷங்களாகக் கண்டு மனமிரங்கிய அடியேன், என் வீட்டு முன்னறையில் ஒரு கேத்தலும் ஒரு வாங்கும் வைத்துத் தேத்தண்ணி விற்கலாமென்று எண்ணிய அளவிலே, அது வெறும் எண்ணமன்று, 'அபிவிருத்தி நடவடிக்கை' என்று சட்டமறிந்த பெரியவர் ஒருவர் உபதேசித்தருளினார்.

செங்கல் ஒன்றையும் நான் அசைக்கவில்லையே! ஆனால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, பிரகடனம் செய்யப்பட்ட பிரதேசத்தில் சுவர் எழுப்புவதோடு, இருக்கிற கட்டடத்தின் உபயோகத்தை மாற்றுவதும் அபிவிருத்தியேயாம். விவசாயத்துக்கும், வீட்டுக்காரன் தன் வளவுக்குள் சுகானுபவத்துக்காகச் செய்வதற்கும் விலக்குண்டு. ஆகவே முன்னறைக் கேத்தலில் காய்ச்சியதை நானே குடித்தால் சுகானுபவம். வழிப்போக்கனுக்கு விற்றால் அபிவிருத்தி.

மலையைப் பற்றிய கேள்வியில் எனக்குப் பரிகாசமில்லை. இம்மாவட்டத்தில் கட்டுவோரிடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்பது நியாயமே. அடைமழையில் மண் இறங்கியதைக் கண்டவர் எவரும் அதை மறுக்கார். எனினும் என் கேத்தலின் பாரத்தை மலை தாங்குமென்று துணிகிறேன்.

தோட்டத்திலிருக்கும் என் மைத்துனன் விஷயந்தான் சிக்கலானது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான அவனுடைய லயத்துக் காம்பரா விடியலில் அடுப்படி, மாலையில் பிள்ளைகளின் பாடசாலை, விருந்தாளி வந்தால் வரவேற்பு மண்டபம், இரவில் சயனக்கிருகம். நாளொன்றுக்கு நான்கு உபயோக மாற்றம் நிகழ்த்தும் இம்மகா அபிவிருத்தியாளன் எத்தனை படிவம் நிரப்பவேண்டும்? நிரப்பினாலும் இணைப்பதற்குக் காணி உறுதி அவனிடமில்லை; அவன் பாட்டனாரிடமும் இருந்ததில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, அந்த லயத்துக்குப் பாதை போடச் சபைப் பணம் செல்லவும் தடையிருந்தது. கேத்தலின் ஆவியைக் காணும் கண்ணுக்கு லயம் மட்டும் இத்தனை காலம் தெரியாதிருந்தது எவ்விதமோ, அறியேன்.

தலத்தைப் பார்வையிடத் தாங்கள் எழுந்தருளும்போது குளிருக்கு இதமாக ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணி தருவேன். காசு மாத்திரம் நீட்டிவிடாதீர்கள். வாங்கிய அக்கணமே நான் குற்றவாளியாகிவிடுவேன்.

இங்ஙனம்,
பணிவுள்ள
முன்னறைக்காரன்,
இறம்பொடை