ஜாகாவுக்குப் புத்தி பிசகினா

என்னடா தம்பி, ஜாசின் பசார் மாலாம்ல வயித்தைச் சுத்தம் பண்ற டீத்தூளு வாங்கினியாமே? 40 வெள்ளியாம்! உள்ள அப்படி என்னடா அழுக்கு? நீ கழுவி விடப் பாக்கிறது கோடிக்கணக்கான பாக்டீரியாவை. நீ பொறந்ததுல இருந்து அங்க குடியிருக்கிற சனம் அது.

குடலைத் தோட்டம்னு வச்சுக்க. லயத்துல அந்தச் சனம். சுவத்துக்கு இந்தப் பக்கம் காவக்கார ஜாகா, அதான் நோய் எதிர்ப்பு அணு. நடுவுல வழவழன்னு சளிப்படலம், அது வேலி. நீ திங்கிற கீரை, பருப்புல செரிக்காம மிஞ்சற நாரைச் சனம் புளிக்க வச்சு, புட்டிரேட்டுன்னு ஒரு அமிலம் எடுக்கும். பெருங்குடல் சுவத்துக்கு அதுதான் சோறு. ஜாகாவை அடக்கி வைக்கிற டி செல்லு பெருகவும் அதுதான் ஒத்தாசை. நீதான் கீரையைப் பாத்தாலே மூஞ்சியைச் சுளிக்கிறியே!

சில பேருக்கு வேலி மெலிஞ்சுடும். சனம் சுவர்கிட்ட நெருங்கிடும். ஜாகா குடியிருக்கிறவனையே திருடன்னு வெளுக்கிறான். டிஎன்எஃப்புன்னு ஒரு சரக்கை விட்டு மத்த ஜாகாவையும் கூப்பிடுறான். சுவரு புண்ணாகி ரத்தம் கசியுது. அந்தக் கலவரத்துல நல்லதுங்க குறைஞ்சு போக்கிரிங்க பெருகுது. அதைப் பாத்து இவன் இன்னும் ஆடுறான். யாரு முதல்ல கை வச்சதுன்னு எவன்டா பஞ்சாயத்து பண்றது? பெருங்குடலோட நின்னா அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாயில இருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வந்தா குரோன்ஸ்.

வெள்ளைக்காரன் வியாதின்னு இளிக்காத. ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்குல டாக்டருங்க கணக்கெடுத்து 2015ல சொல்லிட்டாங்க. மலாய்க்காரங்க, சீனவங்க, நாம, இந்த மூணு பேர்ல அதிகமா வர்றது நமக்குத்தான். எதுல முந்தியிருக்கோம் பாத்தியா?

எங்க கிழட்டுக் கூட்டமும் லேசுப்பட்டதில்ல. பழைய சோறு தின்னா எல்லாம் ஓடிரும்னு வாட்ஸ்அப்புல ஓதுறானுங்க. கித்தாக்காட்டுல பால் வெட்டின காலத்துல நானும் அதைத்தான் தின்னேன். ருசி, இல்லேங்கல. ஆனா ஜாகா வெறிபிடிச்சு நிக்கையில லயத்துக்கு அரிசி அனுப்பினா அடி நிக்குமா? முதல்ல அவன் தடியைப் பிடுங்கணும். அதுக்குத்தான் மெசலமின் மாத்திரை, ஸ்டீராய்டு, டிஎன்எஃப்பைக் கட்டிப்போடுற இன்ஃப்லிக்சிமாப் மருந்து. குடல் சுருங்கிப்போன ஆளு நாரை அள்ளித் தின்னா, இருக்கிற வலியும் கூடும். கீரைக்கும் நேரம் காலம் உண்டுடா.

ஒரு மாசமா ரத்தம் கலந்து போகுதுன்னு உங்கம்மா சொல்லுது. நீ மூலம்னு களிம்பு தடவிக்கிட்டுத் திரியுற. மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போயி குழாய் விட்டுப் பாத்துட்டு வாயேன். வெக்கமா இருக்கா? சட்டையில்லாம டிக்டாக்குல ஆடினியே, அப்ப எங்கடா போயிருந்துச்சு அந்த வெக்கம்?