திரைக்குள் ஏலியன், கூரைமேல் குரங்கு: கண்டி விளையாட்டாளரின் அச்சக் கருத்துகள், ஓர் ஆய்வு

முன்னுரை

திருக்குறளில் மேலாண்மை, சிலப்பதிகாரத்தில் சட்டவியல், சங்க இலக்கியத்தில் செடிகொடிகள் என ஆய்வேடுகளை அடுக்கி முடித்துவிட்ட தமிழுலகம், கண்டிப் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதற்காக அலறுகிறார்கள் என்பதை இன்றுவரை ஆராயவில்லை. அலறுவதோடு நில்லாமல் மறுநாள் அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்தும் சொல்கிறார்கள். அக்கருத்துகளைத் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம் 'ஏலியன்: ஐசொலேஷன்' என்னும் விளையாட்டு. ரிட்லி ஸ்காட் 1979இல் இயக்கிய 'ஏலியன்' படத்தைத் தழுவி இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்க, சேகா நிறுவனம் 2014 அக்டோபர் 7ஆம் திகதி வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 2137. படத்தின் நாயகி எலன் ரிப்ளியின் மகள் அமண்டா, காணாமற்போன தாயின் தடம் தேடிச் செவஸ்தபோல் என்ற விண்வெளி நிலையத்துக்குப் போகிறாள். அங்கே ஏலியன் ஒன்று உலவுகிறது. அதைக் கொல்ல வழியே இல்லை. ஒளியலாம், ஓடலாம், தீ உமிழும் கருவியால் சற்று நேரம் விரட்டலாம். அவ்வளவுதான்.

ஆய்வு எல்லை

மூன்று பக்கமும் மகாவலி சுற்றி வளைக்க, கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் இடையே கிடக்கும் நிலமே ஆய்வுக் களம். டியூஷன் வகுப்பு வாசல், பிளேன்டீக் கடை, நெரிசலில் அசையாது நிற்கும் பஸ் ஆகியவை தரவு திரட்டிய இடங்கள். இவற்றுள் பஸ்ஸே அதிகத் தரவு தந்தது. கண்டி வாகன நெரிசலில் ஒரு தகவலாளரை முழுமையாக நேர்கண்டு, மாற்றுக் கருத்தும் கேட்டு, சமாதானமும் செய்துவிடலாம்.

தகவலாளர் எத்தனை பேர் என்று வாசகர் கேட்கக் கூடாது. காலையில் ஒரு கருத்தும் மாலையில் வேறொரு கருத்தும் சொன்னவரை ஒருவராக எண்ணுவதா, இருவராக எண்ணுவதா என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை.

ஆய்வு முன்னோடிகள்

படத்தைத் தழுவிய விளையாட்டு என்றாலே முகம் சுளிப்பது விளையாட்டாளர் மரபு. அந்த மரபுக்குக் காரணம் உண்டு. 1982இல் 'ஈ.டி.' படத்தை வைத்து அட்டாரி நிறுவனம் ஐந்தே வாரத்தில் ஒரு விளையாட்டைச் செய்வித்தது. விற்காத பிரதிகளை அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாலைநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள். தொல்லியல் துறைக்கு இப்படியும் ஒரு கொடை.

எதிர்ச்சான்றும் இருக்கிறது. கியோஷி குரோசாவாவின் 'ஸ்வீட் ஹோம்' என்ற ஜப்பானியப் பேய்ப் படத்தைத் தழுவி 1989இல் காப்காம் ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதன் வழித்தோன்றலே 1996இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்'. பயந்து பயந்து உயிர் பிழைக்கும் இவ்விளையாட்டு வகையின் பாட்டியே ஒரு தழுவல்தான் என்பது இதனால் பெறப்படும்.

ஏலியன் குடும்பத்திலேயே ஒரு கரும்புள்ளி உண்டு. 2013இல் வந்த 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' விளையாட்டில் ஏலியன்கள் மந்தபுத்தியோடு அலைந்தன. சில ஆண்டு கழித்து ஒருவர் உள்ளே புகுந்து பார்த்தபோது, நிரலில் ஒரு சொல்லுக்குள் தேவையில்லாத ஓர் எழுத்து நுழைந்திருந்தது தெரிந்தது. அதை நீக்கியதும் ஏலியன்களுக்குப் புத்தி தெளிந்தது. பிழைதிருத்துநருக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்கும் பதிப்பகங்கள் இச்செய்தியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

கண்டி மண்ணுக்கே உரிய முன்னோடி ரொபர்ட் நொக்ஸ். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்ட இந்த ஆங்கிலேயர், 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்தார். 1679இல் ஒரு தோழரோடு காட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி, மல்வத்து ஓயா வழியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். காவலர் கண்ணில் படக் கூடாது, சத்தம் போடக் கூடாது, யானை எதிரே வரக் கூடாது, அகப்பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவும் முடியாது. விதிமுறைகள் முழுமையாகப் பொருந்துவதால், கண்டிப் பிரதேசத்தின் முதல் விளையாட்டாளர் இவரே என நிறுவுகிறோம். தமது கருத்தை அவர் 1681இல் நூலாகவே வெளியிட்டார். மதிப்பெண் மட்டும் கொடுக்கவில்லை.

கோட்பாடு

அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கணினியோ மின்சாரமோ இல்லாத காலத்தில் வகுத்த இப்பட்டியல் 2137ஆம் ஆண்டுக்கும் பொருந்துமா என்பதே நம் ஆய்வுச் சிக்கல். திரட்டிய கருத்துகள் அனைத்தையும் இந்த நான்கு பெட்டிக்குள் போட்டுப் பார்த்தோம்.

அணங்குக் கட்சி

ஏலியன் அறிவுக்கு எட்டாத ஒன்று என்பது இவர்கள் வாதம். "நாம எங்க ஒளிஞ்சாலும் அதுக்குத் தெரியுது அண்ணே, ஆனா தெரியாத மாதிரி நடிக்குது" என்றார் கட்டுகஸ்தோட்டைத் தம்பி ஒருவர். அறியாமல் சொன்னாலும் அவர் சொன்னது பாதி சரி. இவ்விளையாட்டின் செயற்கை அறிவு இரண்டு அடுக்கு கொண்டது. மேலடுக்குக்கு நாம் நிற்கும் இடம் எப்போதும் தெரியும். கீழடுக்குதான் ஏலியனை நடத்துகிறது. அதற்குத் தன் கண்ணும் காதும் சொல்வது மட்டுமே தெரியும். மேலடுக்கு அவ்வப்போது 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று குறிப்புக் காட்டும், சரியான இடத்தைச் சொல்லாது. எல்லாம் அறிந்தும் பாதி சொல்லும் இம்முறை, நம் ஊர்க் குறிகாரருக்கும் புதிதன்று.

விலங்குக் கட்சி

இவர்களே கண்டியில் பெரும்பான்மை. ஏலியன் கூரைக் குழாய்க்குள் ஊர்வதும், தலைக்கு மேல் தடதடவென்று சத்தம் கேட்பதும், பின் திடுமெனக் கீழே குதிப்பதும் உலகெங்கும் விளையாட்டாளரை உறைய வைத்த கட்டங்கள். உடவத்தகலைக் காட்டோரம் குடியிருக்கும் தகவலாளரிடம் அவை எந்தச் சலனத்தையும் உண்டாக்கவில்லை. ஓட்டுக்கூரைமேல் குரங்கு ஓடும் சத்தத்திலேயே தூங்கி எழுந்து வளர்ந்தவர்கள் அவர்கள். "எங்க வீட்டுக்கு வர்றது பாணையும் தூக்கிட்டுப் போயிரும். இது ஆளைத்தானே கொல்லுது" என்ற கருத்து சிந்திக்கத்தக்கது.

கள்வர் கட்சி

செவஸ்தபோலில் எஞ்சிய மனிதரும் துப்பாக்கியோடு அலைகிறார்கள். பயத்தில் யாரைக் கண்டாலும் சுடுவார்கள். ஏலியனைவிட இவர்களே தொல்லை என்போர் கள்வர் கட்சியினர். விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கினீர்களா என்று கேட்டபோது இக்கட்சியினர் பலர் பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பினர். கள்வர் திரைக்குள் மட்டும் இல்லை என்பது துணைமுடிபு.

தம் இறைக் கட்சி

வேலைக்குப் போகும் வயதினர் இக்கட்சியில் மிகுதி. படத்திலேயே உண்மையான வில்லன் ஏலியன் அன்று. ஊழியர் செத்தாலும் பரவாயில்லை, அந்த உயிரினத்தைக் கொண்டு வா என்று கட்டளையிட்ட கம்பனிதான். விளையாட்டில் 'வேர்க்கிங் ஜோ' என்னும் இயந்திர ஊழியர் வருகிறார்கள். முகத்தில் உணர்ச்சி இராது, குரல் உயராது, மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தை நெரிப்பார்கள். அலுவலகக் கவுண்டர்களில் நின்று பழகிய நடுவயதுக்காரர் ஒருவருக்கு இவர்களைக் கண்டதும் கை நடுங்கியதாம். "நாளைக்கு வாங்கன்னு மட்டும்தான் சொல்லல" என்றார். 1815 வரை அரசர் ஆண்ட ஊரில், இறைக்கு அஞ்சும் மரபு வேறு வேடத்தில் தொடர்வதில் வியப்பில்லை.

ஐந்தாம் அச்சம் உண்டா?

இங்கேதான் ஆய்வு இடறியது. எக்கட்சியினரும் இறுதியில் வந்து நின்ற இடம் ஒன்றே: சேமிப்பு.

இவ்விளையாட்டில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. சுவரில் பொருத்திய பெட்டியைத் தேடிப் போய், அட்டையைச் செருகி, மூன்று விளக்கும் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். அந்த நேரத்திலும் ஏலியன் பின்னால் வந்து குத்தலாம். வெளிநாட்டு விமர்சகர் சிலர் இதை அச்சத்தின் உச்சக் கலை என்றனர், சிலர் வதை என்றனர். பிசி கேமர் இதழ் விளையாட்டுக்கு 100க்கு 93 கொடுத்தது. ஐஜிஎன் 10க்கு 5.9 கொடுத்தது. ஒரே விளையாட்டுத்தான்.

இந்த விவாதத்தில் விடுபட்ட கூறு மின்வெட்டு. முக்கால் மணி நேரம் அலுமாரிக்குள் ஒளிந்தும் மேசைக்கடியில் தவழ்ந்தும் வந்து, பெட்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கரண்ட் போனால் என்ன மெய்ப்பாடு தோன்றும்? அது அச்சமா, அழுகையா, வெகுளியா? மூன்றும் ஒருசேரத் தோன்றியதாகவும், வீட்டார் வந்து தேற்றியதாகவும் தகவலாளர் தெரிவித்தனர். மின்வெட்டைத் தொல்காப்பியர் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது இவ்வாறே.

கோரிக்கையைப் பரிசீலித்து நிராகரிக்கிறோம். காரணம் இரண்டு.

ஒன்று: 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டாளருக்கு உகந்த விடுமுறை நாளின் முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். ஆகவே அந்த மின்வெட்டு விலங்கில் அடங்கும்.

இரண்டு: 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருள் வாங்கப் பணமில்லாமற்போன காலம் அது. அந்த மின்வெட்டு எதில் அடங்கும் என்று அவ்வாண்டு வரிசையில் நின்ற எவரைக் கேட்டாலும், தொல்காப்பியம் படிக்காமலே 'தம் இறை' என்பார். ஆகவே ஐந்தாவது தேவையில்லை. நூலாசிரியர் வென்றார்.

இதற்கொரு புறனடை: 2021 டிசம்பரில் இவ்விளையாட்டு கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் நாடு இருண்டது. ஊரே இருட்டு, ஃபேன் சத்தம்கூட இல்லை, காதில் ஹெட்போன். இவ்விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கை எந்த நாட்டு அரசும் தன் குடிகளுக்கு அமைத்துத் தந்ததில்லை. அங்கே பயம் ஏலியனிலிருந்து கழன்று, திரையின் மேல்மூலையில் குறைந்துகொண்டே போகும் சார்ஜ் எண்ணில் குடியேறியது என்பது தகவலாளர் வாக்கு.

தாய் குறித்த ஐயம்

எக்ஸ்பொக்ஸ் வன், பிளேஸ்டேஷன் 4 கருவிகளில் ஒலிவாங்கியை இயக்கிவிட்டால், அறையில் எழும் சத்தம் ஏலியனுக்கும் கேட்கும். மூச்சடக்கி ஒளிந்திருக்கும் வேளையில் குசினியிலிருந்து "சாப்புட வாறியா இல்லையா?" என்று குரல் வந்தால் ஏலியனும் திரும்பிப் பார்க்கும். எசல பெரஹெரா மேளமும், பிரஷர் குக்கர் விசிலும், குருநாகல் பஸ்ஸின் ஹோர்னும் இவ்வகையில் அடங்கும். தாயை அணங்கில் சேர்ப்பதா, இறையில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இருபதுக்குக் கீழ்ப்பட்டோர் அணங்கு என்றும், திருமணமானோர் இறை என்றும் கொள்கின்றனர்.

விளையாடாதோர் கருத்து

ஆய்வு நெறிப்படி விளையாடாத ஒரு பிரிவினரிடமும் கேட்டோம். பேரன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த முதியவர் ஒருவர், அமண்டா அலுமாரிக்குள் புகுந்து, கதவிடுக்கால் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கட்டத்தில் மட்டும் வாய் திறந்தார். "83 கலவரத்துல நாங்க இப்படித்தான் நின்னோம். பக்கத்து வீட்டு நோனாதான் கதவப் பூட்டி வெளிய நின்னுச்சு." பேரன் ஹெட்போன் போட்டிருந்ததால் இதைக் கேட்கவில்லை. இக்கருத்தை எந்தப் பெட்டியிலும் போடாமல், தனியே பதிவுசெய்கிறோம்.

முடிபுகள்

1. ஏலியன் எவ்வகை அச்சம் என்பது, விளையாடுபவர் வீட்டுக் கூரை ஓடா, கொங்கிரீட்டா என்பதைப் பொறுத்தது.

2. 93க்கும் 5.9க்கும் இடைப்பட்ட தூரத்தை விமர்சகரின் ரசனை மட்டும் விளக்காது. மின்சாரம் தங்கும் ஊரில் சேமிப்புப் பெட்டி கலை. தங்காத ஊரில் அது கொடுமை. இனி விமர்சனம் எழுதுவோர் மதிப்பெண்ணோடு தம் ஊரின் மின்வெட்டு அட்டவணையையும் இணைக்க வேண்டும்.

3. விளையாட்டு மிக நீளம் என்று விமர்சகர் சிலர் வைத்த குற்றச்சாட்டு கண்டிக்குப் பொருந்தாது. கலஹா பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் எவரும் அப்படிச் சொல்லவில்லை.

பரிந்துரை

2024 அக்டோபரில், பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, இரண்டாம் பாகம் உருவாகிறது என்று கிரியேட்டிவ் அசெம்பிளி அறிவித்தது. அந்நிறுவனத்தார் ஒரு கிழமை கண்டியில் தங்கி, ஓட்டுக்கூரை வீடொன்றில் தம் விளையாட்டைத் தாமே விளையாடிப் பார்க்க வேண்டும். அதுவரை விளையாட்டாளருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: ஏலியன் முன்னால் நின்றாலும் சரி, பின்னால் நின்றாலும் சரி, பெட்டியைக் கண்டால் முதலில் சேமியுங்கள். ஏலியன் கொன்றால் அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். கரண்ட் போனால் மின்சார சபை அந்த வசதியைத் தருவதில்லை.