‘ஈ 6’ என்னும் பாடம்: ஒரு மறு ஆய்வு

இக்கட்டுரைக்கு முதன்மை ஆதாரம் ஒரே ஒரு சுவடி. சுருள்கம்பி கட்டியது, பச்சை அட்டை, முன்னட்டையின் ஒரு மூலையை நாயோ குழந்தையோ கடித்திருக்கிறது. சிகாகோ நகரத்து அலுவலகம் ஒன்றின் சாஃப்ட்பால் அணி ஒரு கோடை முழுதும் ஆடிய 12 ஆட்டங்களின் கணக்கு இதில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அலுவலகத்தின் பெயரும் ஆட்டக்காரர் பெயர்களும் ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகின்றன. அவர்கள் கேட்டுக்கொண்டதும் அதையேதான். சுவடியை முழுதாகப் படித்தவர்கள் இதுவரை இருவர்: எழுதியவர், பிறகு இக்கட்டுரையாளன்.

சுவடி சிகாகோவில் எழுதப்பட்டது என்பதற்கு அகச்சான்று உண்டு. ஏடுகளில் 14 இடங்களில் மஞ்சள் கறை காணப்படுகிறது. மஸ்டர்ட் என்று முகர்ந்து உறுதி செய்தேன். சிவப்புக் கறை ஓரிடத்திலும் இல்லை. ஹாட் டாக்கில் தக்காளி கெச்சப் ஊற்றுபவனை ஒரு மாதிரியாகப் பார்க்கும் ஊர் சிகாகோ. எனவே பிறந்த இடம் பற்றி ஐயமில்லை.

ஆட்டத்தின் பிறப்பிடமும் அந்த ஊரே. 1887 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் நாள். ஃபராகட் படகுச் சங்கத்தின் கூடத்தில் சிலர் ஹார்வர்டு - யேல் கால்பந்தாட்ட முடிவுக்காகத் தந்தி பார்த்துக் காத்திருந்தனர். யேல் வென்றது. வென்ற கட்சிக்காரர் ஒருவர் அங்கே கிடந்த குத்துச்சண்டைக் கையுறையைத் தோற்ற கட்சிக்காரர்மேல் எறிய, அவர் கையிலிருந்த கோலால் அதைத் திருப்பி அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்னும் செய்தியாளர் கையுறையை இழுத்துக் கட்டிப் பந்தாக்கி, தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்றைய கணக்கு 41-40 என்று சொல்லப்படுகிறது. வேலை வெட்டி இல்லாத கூட்டம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதே 1887-இல்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சாஃப்ட்பாலும் சுவடிப் பதிப்பும் ஒரே ஆண்டில் தலையெடுத்ததை அறிஞர் எவரும் இணைத்துப் பேசியதாகத் தெரியவில்லை. தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று எவரும் நிறுவவுமில்லை.

மற்ற ஊர்களில் இந்த ஆட்டம் 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்துக்கு இறங்கிவந்து, கையுறையும் மாட்டிக்கொண்டது. சிகாகோ மட்டும் 16 அங்குலப் பந்தையும் வெறுங்கையையும் விடவில்லை. கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 9 அங்குலத்தைத் தாண்டாது. இதுவோ உரித்த தேங்காயின் பருமன். கிராண்ட் பார்க் ஆட்டங்களில் கையுறையை அனுமதித்தார்கள் என்பதற்காக மைக் ராய்கோ என்னும் பத்திரிகைக் கட்டுரையாளர் 1977-இல் பூங்கா நிர்வாகத்தின்மேல் வழக்கே போட்டார், வென்றும் காட்டினார். தீர்ப்புக்கு நீதிமன்றம் என்ன காரணம் சொன்னதோ, எனக்குத் தோன்றும் காரணம் தருக்க முறைப்பட்டது: ஆதியில் கையுறைதான் பந்து. பந்தாகிப்போன கையுறை மறுபடி கைக்கு எப்படி வரும்?

இந்த வெறுங்கைதான் என்னை அணியில் சேர்த்தது. “உங்கள் ஊர் கிரிக்கெட்டில் கையுறை இல்லாமல்தானே பிடிப்பார்கள்?” என்று அணித்தலைவர் காபி இயந்திரத்தருகே கேட்டார். ஆமாம் என்றேன். நான் ஆடியது மாம்பலத்துச் சந்து ஒன்றில், டென்னிஸ் பந்தில், மாடியில் விழுந்தால் அவுட் என்ற சட்டத்தின்கீழ் என்பதைச் சொல்லவில்லை. கேள்விக்கு அது அவசியமாகவும் படவில்லை.

இனி சுவடியின் எழுத்துமுறை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சின்னதாக ஒரு சாய்சதுரம். ஓடிய தளத்துக்கெல்லாம் கோடு இழுத்து, ஓட்டம் முடிந்தால் உள்ளே தீட்டிவிடுவார்கள். மார்கழி மாதத்து வாசல் போல நிறைந்திருக்கும் பக்கங்கள் எதிரணியுடையவை. எங்கள் பக்கங்களில் புள்ளி வைத்ததோடு சரி. களத்தில் நிற்பவர்களுக்கு எண்கள் உண்டு: பந்தெறிபவர் 1, பிடிப்பவர் 2, முதல் தளம் 3 என்று தொடங்கி வலது கோடிக்காரர் 9. மெதுப்பந்து ஆட்டத்தில் பத்தாவதாக ஒருவரும் நிற்பார். மூன்று பந்து தவறி வெளியேறினால் ‘கே’ என்று குறிப்பது மரபு. வகுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்து பிறகு பேஸ்பால் பக்கம் போனவர், ஆகவே பாதி நம்மவர். மட்டையை அசைக்காமலே பார்த்துக்கொண்டு நின்று வெளியேறினால் ‘கே’யைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட வேண்டும். ஒரு மனிதன் சும்மா நின்றதைக்கூட இத்தனை துல்லியமாகப் பதிகிற லிபியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எழுதியவர் 1-ஆம் எண்ணாரின் மனைவி. மடக்கு நாற்காலி, சூரியகாந்தி விதைப் பொட்டலம், இரண்டு பென்சில், ஒரு அழிப்பான். அணிக்கு வந்தவர் போனவர் எல்லாரையும்விட அதிக ஆண்டு இருந்தவர் அவர்தான். சுவடியில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நம் ஏடெழுதியவர்களில் பலருக்கும் இதே கதிதான்.

1-ஆம் எண்ணார் கணக்குப் பிரிவில் இருந்தவர், ஓய்வுபெற ஓராண்டு பாக்கி. இரண்டு முழங்காலிலும் பட்டை. அவர் எறியும் பந்து மேலே போய், மிச்சிகன் ஏரிக் காற்றில் கொஞ்சம் யோசித்து, பிறகு இறங்கும். அந்த இடைவெளியில் மட்டையாளனும் யோசிக்கத் தொடங்கிவிடுவான். அவன் கெட்டது அங்கேதான். 2-ஆம் எண்ணார் பின்னால் குந்தியபடி எதிரணி மட்டையாளனிடம் வீட்டுக்கடன் வட்டி என்ன கட்டுகிறாய் என்று கேட்பார். இது தந்திரம் என்று முதலில் நினைத்தேன். ஆகஸ்டில் அவர் வீடு வாங்கினார். 3-ஆம் எண்ணாருக்கு முறம் போலக் கை. அணியில் பந்து ஒழுங்காகத் தங்கிய ஒரே இடம் அது. விவாகரத்து நடந்துகொண்டிருந்த கோடை என்பதால் பாதி ஆட்டத்தில் அந்தக் கை தொலைபேசியைப் பிடித்திருந்தது. 4, 5 பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆட்டக்காரர்கள்.

12 ஆட்டங்களில் வெற்றி மூன்று. அவற்றுள் தலைசிறந்தது நான்காம் ஆட்டம். எதிரணிக்கு ஆள் சேரவில்லை, விதிப்படி 7-0. எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் நாங்கள் வென்ற ஒரே ஆட்டம் இது. அந்த ஏடு முழுதும் வெறுமையாக இருப்பதைக் கண்டு பின்னால் வரும் ஆய்வாளர்கள் சிதைவு என்று மயங்கக் கூடாது. அன்று நாங்கள் சீக்கிரமே பீட்சா சாப்பிடப் போனோம். அந்தக் கோடையில் நாங்கள் மிக ஒற்றுமையாக இருந்த மாலையும் அதுதான்.

இப்போது இக்கட்டுரையாளன். முதலில் 10-ஆம் எண்ணில் நின்றான். கிரிக்கெட்டில் இரு கையையும் கிண்ணமாக்கி, பந்து வரும்போது பின்னிழுத்து வாங்குவோம். 16 அங்குலப் பந்து எந்தக் கிண்ணத்துக்கும் அடங்காது, மார்போடு சேர்த்து அணைக்க வேண்டும். அந்த அணைப்பு எனக்குக் கைவரவில்லை. மூன்றாம் ஆட்டத்துக்குப் பின் 9-ஆம் எண்ணுக்கு மாற்றப்பட்டான். வலது கோடிக்குப் பந்து அபூர்வமாகத்தான் வரும். அங்கே அனுப்புவதற்கு நாடுகடத்தல் என்று பெயர் வைக்காதது அமெரிக்கர்களின் நாகரிகம்.

மட்டைப் பணி இதைவிடச் சுவையானது. முதல் ஆட்டத்தில் அடித்துவிட்டு மட்டையோடு ஓடினான். தளத்தை நெருங்கியதும் பழக்கதோஷத்தில் மட்டையைத் தரையில் நீட்டி அதைத் தொட்டான். அவன் காலால் தொடுவதற்குள் பந்து எதிரணியின் 3-ஆம் எண்ணார் கைக்கு வந்துவிட்டது. நடுவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் லேசாகத் தட்டிவிட்டு, ஓட்டம் இல்லை என்று கையைக் காட்டி அங்கேயே நின்றான். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்க உரிமை உண்டு. அது ஒரு கௌரவம்கூட. இங்கே அடித்தவன் ஓடியே தீர வேண்டும். பிறகு லெக் கிளான்ஸ். ஃபைன் லெக் திசையில் அவன் திருப்பிவிட்ட பந்துகள் அழகானவை. பார்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். கோட்டுக்குப் பின்னால் போனதெல்லாம் இங்கே ஃபவுல். எங்கள் லீக் விதிப்படி இரண்டு தவறுக்குமேல் ஃபவுல் அடித்தால் ஆளே அவுட். இப்படி 19 முறை மட்டை பிடித்து, அடித்து அடைந்த தளம் பூச்சியம்.

ஏழாம் ஆட்டம், ஐந்தாம் இன்னிங்ஸ், ஒன்பதாம் வரிசைக் கட்டம் ஒன்றைத் தவிர.

அங்கே முதல் தளம் வரை கோடு போட்டிருக்கிறது. பக்கத்தில் ‘ஈ 6’. ஈ என்று ஒலிக்கும் அந்த எழுத்து பிழையைக் குறிக்கும். நான் அடித்த பந்தை எதிரணியின் 6-ஆம் எண்ணார் தவறவிட்டார், நான் பிழைத்தேன் என்பது பொதுப் பொருள். சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக் கூடிய பந்தைத் தவறவிட்டால் பிழை. அதற்கும் மேலான பந்தென்றால் அது அடித்தவன் கணக்கில் சேரும். பிழை என்றால் என் சராசரி 0.000. அடி என்றால் 0.053. இந்த வேறுபாட்டுக்காகவா இத்தனை ஆராய்ச்சி என்று கேட்பவர்கள் பூச்சியத்தோடு குளிர்காலம் கழித்துப் பார்த்ததில்லை.

பிழை என்னும் பொதுப் பொருள் பொருந்தாது என்பதற்கு மூன்று வாதங்கள் உண்டு. ஒன்று, ஈ என்பது தமிழில் கொடுத்தலைக் குறிக்கும், எனவே ‘ஆறாம் எண்ணார் ஈந்தார்’ என்று கொள்ளலாம். கேட்பவன் தாழ்ந்தவனாயின் ஈ என்பான் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. மூச்சிரைக்க முதல் தளத்துக்கு ஓடியவன் நிலையும் அதுவே. ஆனால் எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்பது இவ்வாதத்தின் சிறு குறை. இரண்டு, அது எழுத்தே அன்று, நசுங்கிய ஈ. எழுத்துக்கு ஒரு பக்கம் மூன்று கை நீட்டியிருக்கிறது, ஈக்கும் பக்கத்துக்கு மூன்று கால். பக்கத்து மஸ்டர்ட் கறை ஈ வந்த காரணத்தையும் விளக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் பென்சில் கரியாகத்தான் தெரிந்தது.

மூன்றாவது வாதமே வலுவானது. 16 அங்குலப் பந்து புதிதாக இருக்கையில் கல். அடிபட அடிபடப் பஞ்சு மூட்டையாகும். ஐந்தாம் இன்னிங்ஸில் பழம்பந்து என்றால் அதைத் தவறவிட்டது பிழைதான். ஆனால் அந்த ஏட்டின் ஓரத்தில், அம்மையார் கையெழுத்தில், ஒரு குறிப்பு இருக்கிறது: “புதுப் பந்து. காசு யார் தருவது?” அதாவது நான் அடித்தது கல். கல்லை வெறுங்கையால் நிறுத்துவதைச் சாதாரண முயற்சி என்று எந்தக் கணக்கர் சொல்வார்?

இதை நிறுவ நேரடிக் கள ஆய்வு ஒன்று பாக்கியிருந்தது. 6-ஆம் எண்ணார் எங்கள் கட்டடத்துக்கு எதிரே வேலை பார்ப்பவர். மதிய இடைவேளையில் ஏட்டின் நகலோடு போய்ப் பார்த்தேன். இந்த ஊரில் பல ஆண்டு ஆடியவர்களுக்கு விரல் கோணிப்போவது வழக்கம், அதைப் பெருமையாகக் காட்டுவதும் வழக்கம். அவர் இரு கைகளையும் மேசைமேல் விரித்துவைத்தார். பத்தில் நான்கு விரல்கள் நேராக இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எந்த வருஷம், இது யார் அடித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வலது சுண்டுவிரலில் வந்து நின்றார். நீங்கள்தானா அது என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இருவருக்கும்.

இரண்டாம் கணுவில் வளைவு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே அதை அம்மையாரிடம் காட்டி, பாடத்தைத் திருத்தும்படி கேட்டேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்தார். விதைத்தோலை ஓரமாகத் துப்பினார்.

“அன்றைக்கு அவன் தவறவிட்டது இடது கையில்” என்றார்.