பேனாவுக்குப் பூஜை, படிக்கட்டுக்கு?

திருவந்திபுரம் மலையேறி ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவை வைத்து வாங்கிவிட்டால் மார்க் கவலை தீர்ந்தது. பிள்ளையை மாலை டியூஷனில் சேர்க்கும்போதும் பெற்றோர் துருவித் துருவி விசாரிப்பது ஃபீஸையும் ரேங்க்கையும்தான். செங்குத்தான மாடிப்படி, ஒரே வாசல், அதையும் மறித்து நிற்கும் பைக்குகள், 'நான் மாமா' என்று யார் வந்து நின்றாலும் பிள்ளையை அனுப்பிவைக்கும் தாராளம் எல்லாம் சிலபஸில் இல்லை போலும்! கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த பள்ளியிலும் படிக்கட்டு குறுகல்தான். பேனாவுக்குப் பூஜை போடுங்கள், யார் வேண்டாம் என்றது? கூடவே அந்த மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவையுங்கள். பதினாறாம் வாய்ப்பாட்டைவிட எளிது.