ஒரு பொரியலுக்குப் போதாமை: முன்கோடை மாடித்தோட்டம் குறித்த ஓர் ஆய்வு

மாசிக் கடைசியில் விதைத்து, பங்குனியில் பூ விட்டு, சித்திரையில் காய்க்கும் மாடித்தோட்டத்தைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். மண்கலவையில் எதெது எத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறார்கள். தேங்காய்நார்க் கழிவை எத்தனை தண்ணீர் மாற்றி அலச வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பஞ்சகவ்யத்தின் மணம் பக்கத்து வீட்டு உறவில் ஏற்படுத்தும் விளைவுகளைக்கூட நாசூக்காகக் கோடிகாட்டியிருக்கிறார்கள். ஆனால் பறித்த காய் ஒரு வேளைக்குக் காணுமா என்ற கேள்வியை மட்டும் எல்லாரும் கண்டும் காணாமல் கடந்துவிட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பவே இந்தக் கட்டுரை. கருதுகோள் வருமாறு: மாடித்தோட்டம் ஒருபோதும் ஒரு வேளைச் சமையலுக்குச் சரியாகக் காய்ப்பதில்லை, ஒன்று குறையும், இல்லையேல் மிஞ்சும்.

ஆய்வுக் களம், சென்னையின் தென்பகுதிப் புறநகரில் சில மொட்டைமாடிகள். காலம், மாசி இறுதி முதல் மே முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் பிறக்கும்வரை. அதன் பிறகு பகலில் மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது என்பதால் தரவு சேகரிப்பு நின்றுபோகிறது.

முதலில் அளவையை வரையறுப்போம். ‘ஒரு பொரியல்’ என்பது நால்வர் உள்ள குடும்பத்தில், சாதம் முடியும்வரை தட்டில் ஏதோ ஒன்று இருப்பதாகத் தோற்றம் தரும் அளவு. வெண்டைக்காயில் இது கால் கிலோ. வெண்டை வாணலியில் வதங்கி இளைத்துவிடும் என்பதால் இதற்குக் கீழே போனால் பரிமாறுபவரின் கை நடுங்கும். பிஞ்சாகப் பறித்த காய் ஒன்று ஏறக்குறைய 12 கிராம். எனவே ஒரு பொரியல் சுமார் 20 காய். நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாமல் வளைந்ததால் ஒதுக்கப்பட்டவை இக்கணக்கில் சேரா.

இனி வெண்டையின் குணம். அது செம்பருத்திக்கும் பருத்திக்கும் உறவு. பூவைப் பார்த்தாலே சாயல் தெரியும். வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்புக் கண். காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் சுருண்டுகொள்ளும். விதைத்த 35 முதல் 40 நாளில் முதல் பூ. அப்புறம் கீழிருந்து மேலாக, கணுவுக்கு ஒன்றாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பூ என்று முறைவைத்துப் பூக்கும். பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்தாக வேண்டும். “இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்” என்று விட்டால் எட்டாம் நாள் அது விறகு.

கணக்கு இங்கேதான் உதைக்கிறது. ஒரு வீட்டில் ஆறு வெண்டைச் செடி என்று கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு காய், நல்ல நாளில் மூன்று. இருபது சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் பறித்தது கடைசி நாள் பறித்ததற்காகக் காத்திருக்க வேண்டும். எங்கே காத்திருப்பது? செடியிலேயே என்றால் முற்றும். ஃபிரிட்ஜில் என்றால் வெண்டைக்குத் தோதான குளிர் 7 முதல் 10 டிகிரி. நம் வீட்டு ஃபிரிட்ஜோ 4 டிகிரியில் ஓடுகிறது. அந்தக் குளிரில் காய் மேல் கரும்புள்ளி விழுந்து தொளதொளத்துவிடும். ஆக, இருபதாவது காய் வந்து சேரும்போது முதல் ஐந்து காய் அந்தக் கூட்டத்தில் இருக்கத் தகுதி இழந்திருக்கும்.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தொகுப்பும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. ஆறு செடி வளர்ப்புப் பைகள், அவற்றை நிரப்பத் தென்னைநார்க் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள். பைக்கு ஒரு வகை என்று நட்டால் வாரக் கடைசியில் இரண்டு கத்தரி, மூன்று வெண்டை, நான்கு மிளகாய், கொஞ்சம் கீரை தேறும். பொரியல் என்ற நோக்கில் பார்த்தால் இது போதாது. அவியல் என்ற நோக்கில் பார்த்தால் பெரும் தொலைநோக்கு.

இப்போதாமையை எதிர்கொள்வதில் அறிஞர்கள் இரு சாராராகப் பிரிகின்றனர். முதல் சாரார் காத்திருப்போர். டப்பாவில் ஈரத்துணி சுற்றி, தினமும் திறந்து எண்ணி, மூடிவைப்பவர்கள். இவர்கள் வீட்டு வெண்டைப் பொரியலைத் தத்துவ அளவில் மட்டும் அறிந்தவர்கள். இரண்டாம் சாரார் கூட்டுவோர். தள்ளுவண்டியில் கால் கிலோ வாங்கி, அதில் வீட்டுக் காய் நான்கைப் போட்டு வதக்கிவிடுபவர்கள். இம்முறை எளிது, ஆனால் ஒரு நுண்சிக்கல் உண்டு. நறுக்கி வதக்கிய பின் எது சொந்தக் காய், எது வண்டிக் காய் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. களத்தில் கேட்ட உரையாடல்:

“இதுல நம்ம மாடிக் காய் எதும்மா?”

“ருசியா இருக்கிறதெல்லாம் நம்மதுதான் மாமா. சாப்பிடுங்க.”

இந்த மருமகளின் விடை முறையியல் நோக்கில் குறையுடையது, குடும்ப நோக்கில் குறையற்றது.

இரு சாராரையும் ஒரே வரியில் மறுப்பவர் அடுக்களையில் இருக்கும் மாமியார். “நாலு காயைச் சாம்பார்ல போட்டா ஆச்சு, இதுக்கு என்ன பஞ்சாயத்து?” என்பது அவர் வாதம். வாதம் வலுவானதுதான். இரண்டு வெண்டை, ஒரு கத்தரி, கால் முருங்கைக்காய், ஒரு கீற்று மாங்காய் என்று எது கிடைத்தாலும் சாம்பார் வரவேற்கும். ஆயினும் தோட்டக்காரர் இதை ஏற்பதில்லை. அஃது என்னை எனின், சாம்பாரில் விழுந்த காய்க்குத் தனி அடையாளம் இல்லை. அடையாளம் இல்லாத இடத்தில் பாராட்டும் இல்லை ஆகலின் என்க.

கூர்மையான வாசகர் கேட்கலாம்: செடியைக் கூட்டினால் தீராதா? தீரும், தாளில். வாரத்துக்கு இருமுறை வெண்டை என்பதே ஒரு குடும்பத்தின் சகிப்பு எல்லை. வாரம் நாற்பது காய் வேண்டும். பதினைந்து செடி இருந்தால் கிடைக்கும். பதினைந்து செடிக்குப் பதினைந்து பை. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த பையைத் தனி ஆளாகத் தூக்கிப் பார்த்தவர்கள் பிறகு அதை நகர்த்த முயல்வதில்லை. இப்படி அசையாச் சொத்தாகிவிட்ட பைகள் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நெருங்கும் அன்று வீட்டில் எல்லைத் தகராறு தொடங்கும். வெண்டை இலையின் சுணை உரசிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனவர் அன்று மாலை தோட்டத்தின் எதிர்காலம் பற்றிப் பேசுவார். ஆகவே பதினைந்து என்பது வேளாண் உண்மை. குடும்ப உண்மை அன்று.

இதையும் மீறிப் பதினைந்து வைத்தவர்களைக் கவனிக்க இயற்கை வேறு சிலரை நியமித்திருக்கிறது. வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் வந்த செடியின் இலையில் நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரியும். பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை. மாவுப்பூச்சி இன்னொரு சாரார். கொழுந்தின் அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் அடைந்து கிடக்கும். செடியின் தண்டில் ஏறி இறங்கும் எறும்புகளைப் பார்த்து, “எறும்பு வந்து பூச்சியைத் தின்னுது” என்று மகிழ்பவர்கள் உண்டு. எறும்பு தின்ன வரவில்லை. மாவுப்பூச்சி கசியும் இனிப்புத் திரவத்துக்காகக் காவலுக்கு வந்திருக்கிறது. முதலில் துரத்த வேண்டியது காவலாளியை.

மாவுப்பூச்சியின் வரலாறு சிறியதன்று. பப்பாளி மாவுப்பூச்சி 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதிலும் ஏறியது. 2010 இல் புவெர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டுத்தான் அடக்கினார்கள். கடல் கடந்து குளவி வந்த நாட்டில், மாடித்தோட்டக்காரரின் ஆயுதம் இன்றும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்தான். சோப்புத் தண்ணீரில் தோய்த்து, கொழுந்தை இடக்கையில் தாங்கி, கணுக் கணுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்க ஒரு துளி சோப்புக் கரைசல், சாயங்காலத் தெளிப்பு. காலையில் அடித்தால் எண்ணெய் படிந்த இலை உச்சி வெயிலில் கருகும். பூச்சி நிழலான பக்கம் நகர்ந்துகொள்ளும்.

தக்காளி பற்றி விரிவாகப் பேச ஒன்றுமில்லை. பகல் 35 டிகிரியையும் இரவு 24 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் வீரியமிழந்து பூ உதிரும். சித்திரையில் சென்னையின் இரவு 24 க்குக் கீழே இறங்குவது அபூர்வம். பச்சை நிழல்வலை பகலை ஓரளவு சமாளிக்கும், இரவை அல்ல. தப்பிப் பழுத்த ஒன்றிரண்டை அணில் கடித்து வைத்திருக்கும், முழுதாகத் தின்னாமல். கத்தரியின் பூ உதிர்வதற்கோ வேறு காரணம். அதில் சூல்தண்டு நீண்ட பூ, நடுத்தரப் பூ, குட்டைப் பூ இரு வகை என நான்கு உண்டு. முதல் இரண்டே காயாகும். உதிர்ந்த குட்டைப் பூக்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் கண் கலங்குவோர் இதை அறிந்தால் ஆறுதல் அடையலாம். பொரியல் கணக்கு மாறாது.

இதுவரை குறைவு. இனி மிகை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். மாடிச் சுரைக்காயோ கறிக்கு மிஞ்சி நிற்பது. அந்த மிகைக்கு முந்தைய காலம் வேதனையானது. பந்தலில் கொடி ஏறியதும் ஆண்பூக்களாகப் பூத்துத் தள்ளும். வெப்பமும் நீள்பகலும் சேர்ந்தால் ஆண்பூ இன்னும் அதிகம். அடியில் ரோமம் படர்ந்த குட்டிச் சுரைக்காயோடு பெண்பூ வருவது பிறகுதான். சுரைப் பூ மாலையில் விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடும். அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. நகரத்து மூன்றாம் மாடிக்கு அந்துப்பூச்சி வருமா என்பது சந்தேகம். எனவே இரவு எட்டு மணிக்கு, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஆண்பூவைக் கிள்ளி இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூலகமுடியில் தோட்டக்காரரே தடவுகிறார். எதிர் மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சியைத் திருப்திகரமாக விளக்கும் வாக்கியம் தமிழில் இன்னும் அமையவில்லை. பீர்க்கும் அந்தி நேரத்துப் பூதான். பாகலும் பூசணியும் விடியற்காலையில் விரியும். நால்வகைக் கொடியும் வைத்தவர் இரு வேளை ஊழியர்.

தடவியது பலித்தால் காய் நிற்கும். பத்துப் பதினைந்து நாளில் பறிக்க வேண்டும். தோலில் நகம் சுலபமாக இறங்கினால் இளசு. இறங்கும்போது அது ஒன்றரைக் கிலோ. பக்கத்தில் இன்னொன்று. பந்தலின் மறுபுறம், இலை மறைவில், யாரும் தடவாத மூன்றாவது ஒன்று. கால் கிலோவுக்கு ஏங்கிய குடும்பம் ஒரே வாரத்தில் சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய் அடை, சுரைக்காய்த் துவையல் என்று நகர்ந்து, நான்காம் நாள் சோறே வேண்டாம் என்னும் நிலைக்கு வரும்.

இங்கே தொடங்குகிறது தானம். மாடித்தோட்டக்காரரின் தாராள குணம் என்று பரவலாகக் கருதப்படுவது உண்மையில் சுரைக்காயின் எடை. எதிர்வீட்டு வாசலில் நடந்தது:

“அக்கா, மாடியில காய்ச்சது. மருந்தே அடிக்கல.”

“உனக்கு எதுக்கும்மா சிரமம்?”

“ஒரு சிரமமும் இல்லக்கா. ஃபிரிட்ஜுல வச்சுக்குங்க.”

“ஃபிரிட்ஜுல நீ போன வாரம் குடுத்ததே இருக்கேம்மா.”

பாத்திரத்தில் கொடுத்தால் பாத்திரம் வெறுமனே திரும்பாது. ஒரு கரண்டி பாயசமோ நாலு முறுக்கோ வந்து சேரும். காயாகக் கொடுத்தால் திரும்ப வரக் கலம் இல்லை. ஆதலால் அனுபவசாலிகள் சுரைக்காயைக் கூட்டாக்கிப் பாத்திரத்தில் கொடுக்கிறார்கள். ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து அந்தப் பாத்திரம் திரும்பியபோது உள்ளே புடலங்காய்க் கூட்டு இருந்தது, அவர்களும் மாடித்தோட்டக்காரர்கள்.

கீரை இக்கோட்பாட்டுக்குள் இரு முறையும் அடங்கும் விசித்திரம். 25 நாளில் சிறுகீரை ஒரு பை நிறையப் பொங்கி நிற்கும்போது மிகை. ஆய்ந்து, அலசி, வாணலியில் போட்ட மூன்றாம் நிமிடம் குறைவு. இடையில் மனித முயற்சி ஏதும் இல்லை.

இறுதியாக ஒரு மறுப்பு எழக்கூடும். தாளிக்க ஓர் இணுக்கு வேண்டும்போது ஓர் இணுக்குத் தரும் கறிவேப்பிலை, தேவைக்கும் விளைவுக்கும் சரியாகப் பொருந்துகிறதே, கோட்பாடு உடைகிறதே என்று. தொட்டிக் கறிவேப்பிலை முதல் ஆண்டில் எட்டு இலையோடு நிற்கும். அதைக் கிள்ள வீட்டில் ஒருவருக்கும் மனம் வராது. செழித்த ஆண்டில் தெருவே வந்து கிள்ளும். இது போதாதென்றால், கறிவேப்பிலை காய் அன்று, இலை. அதுவும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படும் இலை. ஆகவே அது ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.