தள்ளிவிட்ட ஜீப்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பட்டறை வாசலில் பழைய ஜீப் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. பாசிப் பச்சைப் பெயின்ட், புதுத் தார்ப்பாய், பளபளக்கும் விளக்குகள். விலை கேட்டேன். அந்தத் தொகைக்கு ஏசி போட்ட புது மகிந்திரா 'தார்' வண்டியே எடுத்துவிடலாம். "அது வெறும் வண்டி சார், இது கிளாசிக்" என்றார் பட்டறைக்காரர்.

1970களில் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைப் பக்கம் எங்கள் ஊருக்குள் ஜீப் சத்தம் கேட்டால் தெருவே காலியாகும். கதவில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் ஆண்கள் வரப்பேறி ஓடுவார்கள். கடன் வசூல் ஜீப் என்றால் பித்தளை அண்டாக்கள் வைக்கோல் போருக்குள் போகும். எங்கள் பாட்டி அண்டாவுக்குள் கோழியையும் சேர்த்து ஒளித்தார். கோழி கத்திக் காட்டிக்கொடுத்தது. கட்சிக்கொடி கட்டி வந்த ஜீப்புக்கு மட்டும்தான் வரவேற்பு. பிள்ளைகள் நோட்டீஸ் பொறுக்கப் பின்னாலேயே ஓடுவோம்.

ஐப்பசிச் சேற்றில் வசூல் ஜீப் மாட்டிக்கொண்டால், ஒளிந்திருந்தவர்களே ஓடிவந்து தள்ளுவார்கள். ஜப்திக்கு வந்த அதிகாரியைச் சீக்கிரம் வழியனுப்ப வேறு உபாயம் இல்லை.

அந்த ஜீப்பின் பூர்வீகம் போர்க்களம். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் ராணுவத்துக்குச் செய்தது. 1945இல் இரும்பு வணிகத்தில் தொடங்கிய மகிந்திரா, அதன் பாகங்களைப் பம்பாயில் பூட்டி விற்று, பிறகு இங்கேயே தயாரித்தது. நான்கு சக்கரமும் இழுக்கத் தனி லிவர். பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் செருகிச் சுற்ற ஓர் இரும்புக் கைப்பிடி. வண்டி பெட்ரோல் குடிக்கும் அழகைப் பார்த்து, அரசு கழித்த ஜீப்பை ஏலத்தில் எடுத்தவர்கள் முதல் வேலையாக எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்தார்கள். இன்று அந்த டீசலைக் கழற்றிவிட்டு, காயலான் கடைகளில் தேடிப் பிடித்துப் பழைய பெட்ரோல் எஞ்சினையே வைக்கிறார்கள். அன்றைக்குச் சிக்கனம், இன்றைக்கு ரசனை. மெக்கானிக்குக் கூலி இரண்டு முறையும் உண்டு.

கிள்ளைக்கும் தார்ச்சாலை வந்துவிட்டது. சாலையில்லாத ஊருக்கென்று பிறந்த வண்டி இப்போது லாரியில் ஏறிக் கண்காட்சிக்குப் போகிறது. 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகி ஜெயங்கொண்டபட்டினம், பெராம்பட்டுப் பக்கம் வெள்ளம் சூழ்ந்தபோது மக்களைக் கரைசேர்த்தவை படகுகள். புதுப்பித்த ஜீப்பைத் தண்ணீரில் இறக்க யாருக்கு மனசு வரும்? பெயின்ட் போய்விடுமே! அன்று ஜீப்பைக் கண்டு வரப்பேறி ஓடியவர்களின் பேரன்கள்தான் இன்று அதை வாங்க முன்பணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 50 ஆண்டு தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிய 20,000 ரூபாய் கட்டணம். பதிந்தபின், 2021ஆம் ஆண்டு விதிப்படி, அதை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.